90களின் ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பங்களை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? நிர்வாணா குழுவின் நெவர்மைண்ட் போட்டுப் பார்த்தேன், ஒரே இரைச்சலாக இருக்கிறதே?

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. கேட்டே ஆக வேண்டிய ஆல்பங்கள் என்று யாரோ போட்ட பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்க உட்கார்ந்தேன், மூன்றாவதிலேயே தலைவலி. சத்தத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் சினிமாப் பாட்டில் பாடுகிறவர் குரல் முன்னால் நிற்கும், வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிடும். இங்கே கிட்டார் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். குரலை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். காது அதற்குப் பழகுவதற்குள் பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள்.

அதனால் நெவர்மைண்டை (1991) கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். அதே நிர்வாணா 1993 நவம்பரில் எம்டிவிக்காக நியூயார்க்கில் வாசித்த அன்பிளக்ட் கச்சேரி, குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்த பிறகு 1994இல் ஆல்பமாக வந்தது. அதில் தொடங்குங்கள். அக்கூஸ்டிக் கிட்டார், சில பாட்டுகளில் ஒரு செல்லோ, அடக்கி வாசித்த டிரம்ஸ். கடைசிப் பாட்டு, லெட் பெல்லி என்ற அந்தக் கால அமெரிக்கப் பாடகர் பாடிப் பிரபலமான பழைய நாட்டுப்பாடல். முடியப்போகிற நேரத்தில் கோபேன் ஒரு ஸ்தாயி மேலே ஏறிப் பாடுகிறார், குரல் கிழிகிறது. கடைசி வரியின் நடுவில் சட்டென்று நிறுத்தி ஒரு மூச்சு இழுக்கிறார் பாருங்கள், அது பதிவிலேயே கேட்கும். எனக்கு இந்த இசை பிடித்துப்போனது அந்த மூச்சில்தான்.

அப்புறம் நெவர்மைண்டுக்கு வாருங்கள், ஆனால் கடைசிப் பாட்டிலிருந்து. அதைக் கோபேன் ஸ்டுடியோவின் கன்ட்ரோல் ரூம் சோபாவில் படுத்தபடி, முணுமுணுப்பது போலப் பாடிப் பதிந்தார். அங்கிருந்து பின்னோக்கிக் கேட்டுப் போனால் இரைச்சலுக்குள் மெட்டு தானாகத் தென்படும்.

ஒரு எச்சரிக்கை. சிடியில் கேட்டால் அந்தப் பாட்டு முடிந்ததும் தூங்கிவிடாதீர்கள். அண்ணனின் சிடியை ஹெட்போனில் கேட்டபடி நான் தூங்கிப்போனேன். சுமார் பத்து நிமிடம் வெறும் நிசப்தம், பிறகு திடீரென்று ஒரே காட்டுக்கூச்சல். தூக்கிவாரிப் போட்டது. பிளேயர்தான் கெட்டுவிட்டதென்று பேட்டரியைக் கழற்றிவிட்டேன். அட்டையில் பெயர் போடாமல் ஒளித்து வைத்த பாட்டாம் அது!

இதற்குமேல் பெரிய வரிசை எதுவும் வேண்டாம், ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகும். மெதுவாகத் தொடங்கிச் சட்டென்று வெடிக்கும் நெவர்மைண்டின் பாணி பிடித்திருந்தால் பிக்ஸீஸ் குழுவின் டூலிட்டில் கேளுங்கள். 1989தான், இருக்கட்டும், அவர்களைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தேன் என்று கோபேனே ஒத்துக்கொண்டிருக்கிறார். சோகம் வேண்டுமென்றால் ஆர்.ஈ.எம். குழுவின் ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள் (1992). ரேடியோஹெட்டில் எல்லோரும் ஓகே கம்ப்யூட்டரைத்தான் (1997) கையில் திணிப்பார்கள். நான் தி பெண்ட்ஸ் (1995) முதலில் என்பேன், அதில் பாட்டு பாட்டாகவே இருக்கிறது.

மை பிளடி வேலன்டைன் குழுவின் லவ்லெஸ் (1991) மட்டும் கடைசிக்கு இருக்கட்டும். அதில் குரல் கிட்டாருக்குள் முழுசாகவே முங்கிக் கிடக்கும். நான் இரண்டு வருடம் தொடாமல் வைத்திருந்தேன். இன்றுவரை அதில் பாதி வரிகள் எனக்குத் தெரியாது, குளிக்கும்போது வாயில் வருவதென்னவோ அந்த மெட்டுதான்.