முகாரி கேட்டா தப்பா அக்கா?

கேள்வி: அக்கா, மனசு சரியில்லன்னா எனக்கு சோகப்பாட்டுதான் வேணும், லைட்ட ஆஃப் பண்ணிட்டு செல்லுல போட்டுக் கேட்டு கொஞ்ச நேரம் அழுதுட்டா நல்லா தூக்கம் வந்துடும். அம்மா "எப்பப் பாரு வீட்டுல முகாரி, வெளங்குமா"ன்னு திட்டறாங்க. ஃப்ரெண்ட் குத்துப்பாட்டு கேளுங்கறா, கேட்டா எரிச்சல்தான் வருது. எனக்கு ஏதும் கோளாறா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஒரு கோளாறும் இல்லம்மா. மொதல்ல அந்த முகாரி பஞ்சாயத்த முடிச்சிடுவோம், முகாரின்னாலே அழுகைன்னு அதுக்கு ஒரு கெட்ட பேரு, ஆனா சபரி எவ்ளோ குடுத்து வச்சவன்னு தியாகராஜர் வியந்து பாடின கீர்த்தனையும் அதே ராகம்தான் (இத அம்மாகிட்ட போய் சொல்லி வாங்கிக் கட்டிக்காதீங்க).

அதுவும் நீங்க முதுநகர்க்காரங்க. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல்னு ஸ்கூல்ல படிச்சோம்ல, அதோட உரிப்பொருள் என்ன, இரங்கல். போனவன் இன்னும் வரலியேன்னு கரையில நின்னு பொலம்பறது. அதுக்குன்னு எற்பாடுன்னு ஒரு பொழுது, விளரின்னு ஒரு யாழ், செவ்வழின்னு ஒரு பண்ணு, எல்லாம் ஒதுக்கி வச்சிருக்காங்க, உங்களுக்கு செல்லும் ஒரு இருட்டு ரூமும் அவ்ளோதான் வித்தியாசம்.

2014ல பெர்லின்ல ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 772 பேர்கிட்ட கேட்டிருக்காங்க, சோகப்பாட்டு கேட்டா அதிகம் வர்றது சோகம் இல்லியாம், பழைய ஞாபகத்தோட ஏக்கமாம். பாட்டுல தொலைஞ்சது வேற யாருதோ, நம்மளுது ஒண்ணும் போகல, அதனால தெகிரியமா அழலாம். குத்துப்பாட்டு எரிச்சல் தர்றது நியாயம்தான், துக்க வீட்டுல வந்து கிச்சுகிச்சு மூட்டினா யாருக்குப் புடிக்கும்.

ஒரு தடவ பாண்டியில வேலை கைவிட்டுப் போன அன்னிக்கு ராத்திரி பஸ்ல கடலூர் திரும்பறேன், அரியாங்குப்பம் தாண்டினதும் டிரைவர் வரிசையா பழைய சோகப்பாட்டா விடறாரு, பஸ்ஸே கப்சிப், பக்கத்து சீட்டு பெரியவர் துண்டால கண்ணத் தொடைக்கிறாரு, அவருக்கு என்ன கதையோ, நானும் ஜன்னல் பக்கம் திரும்பி நல்லா அழுதேன், ரெட்டிச்சாவடி வர்றதுக்குள்ள பயங்கர பசி. அழுது முடிச்சு பசியோ தூக்கமோ வந்தா பாட்டு வேலைய முடிச்சிடுச்சுன்னு என் கணக்கு.

ஆனா ஒரே பாட்ட இருவது தடவ ஓட்டி, அவ இத சொன்னா இவன் அத சொன்னான்னு அதையே கிளறிக்கிட்டு, ஆரம்பிச்சப்ப இருந்தத விட கனமா எந்திரிச்சா அது வேற. ரெண்டு வாரமா தூக்கமும் சோறும் எறங்கலன்னா பாட்ட நிறுத்திட்டு 14416ங்கற அரசாங்க மனநல உதவி எண்ணுக்கு போன் போடுங்க, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம், உங்களுக்கு பக்கம்னா பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கு. நீங்கதான் அழுதுட்டு ஜோரா தூங்கிடறீங்களே, பயமே வேணாம்.

அப்பறம், உங்கம்மா தனியா மீன் ஆயறப்போ என்ன பாட்டு முணுமுணுக்கறாங்கன்னு ஒரு நாள் ஒட்டுக் கேட்டு எனக்கு எழுதுங்க.