ஆறு கிராம் தீனி
செல்லப்பிராணி வளர்ப்போர் கேள்வி-பதில்

இந்த மாதம் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ட்வார்ஃப் ஹாம்ஸ்டர் என்ற, எலி போன்ற குட்டிப் பிராணியின் சாப்பாட்டைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: மகளுக்காக ட்வார்ஃப் ஹாம்ஸ்டர் வாங்கியிருக்கிறோம். லவ் பேர்ட்ஸுக்குப் போடும் தினையே போதும் என்று கடைக்காரர் சொன்னார். அது சரியா? ஒரு நாளைக்கு எவ்வளவு வைக்க வேண்டும்? (அஸ்தம்பட்டி வாசகி)

தினை நல்ல தொடக்கம்தான். ஆனால் அது மட்டும் போதாது. ட்வார்ஃபில் கேம்ப்பெல், வின்டர் ஒயிட், ரோபரோவ்ஸ்கி ஆகிய மூன்று வகைகளின் சொந்த ஊர் மங்கோலியா, சைபீரியா, வட சீனா பக்கத்து வறண்ட புல்வெளி. அங்கே அவை புல் விதையும் பூச்சியும் தின்று வாழ்கின்றன. தினையும் பனிவரகும் முதலில் பயிரானதே வட சீனாவில்தான் என்பதால், நம் சிறுதானியங்கள் இவற்றின் வயிற்றுக்கு அந்நியமில்லை. குறை எங்கே என்றால், தினையில் புரதம் 10, 11 சதவீதம்தான், அதிலும் லைசின் என்ற புரதக் கூறு குறைவு. ஹாம்ஸ்டருக்கு 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். தினையை மட்டும் தின்று வளரும் குட்டி மெலிந்து, முடி கொட்டி, காலப்போக்கில் சோர்ந்துபோகும்.

100 கிராமுக்கு இப்படிக் கலந்துகொள்ளுங்கள்: புரதம் 18 சதவீதம் என்று அச்சிட்ட ஹாம்ஸ்டர் பெல்லெட் (கடையில் கிடைக்கும் அழுத்திய தீனித் துண்டு) 40 கிராம்; உமியோடு உள்ள தினை 15, சாமை 12, பனிவரகு 12, கம்பு 5; ஓட்ஸ் 5; காய்ந்த மீல்வார்ம் புழு 5 (அலங்கார மீன் கடையில் கிடைக்கும்); ஆளி விதை 2; பூசணி விதை 1; சூரியகாந்தி விதை 1; நிழலில் உலர்த்திய கொத்தமல்லித் தழை 2. மொத்தத்தில் புரதம் 16, 17 சதவீதமும் கொழுப்பு 7 சதவீதத்தை ஒட்டியும் வரும்.

கேம்ப்பெல்லுக்கும் வின்டர் ஒயிட்டுக்கும் நாளொன்றுக்கு 5 முதல் 6 கிராம், ரோபரோவ்ஸ்கிக்கு 4 முதல் 5 கிராம். தேக்கரண்டியில் சொன்னால் ஒன்றரைக்குள் அடங்கிவிடும். ஆக, 100 கிராம் கலவை ஓர் உயிருக்கு இரண்டு வாரத்துக்கு மேலேயே வரும். சாயங்காலம் இருட்டிய பிறகு வையுங்கள், அவை விழிக்கும் நேரம் அதுதான். பாதியைக் கிண்ணத்திலும் பாதியைப் படுக்கைத் தூளின் மேல் தூவியும் கொடுத்தால், தேடித் தின்பதில் உடற்பயிற்சியும் நடக்கும்.

சிறுதானியம் வாங்கும் இடத்தில் இரண்டு எச்சரிக்கை. மளிகைக் கடையில் பொங்கலுக்கு விற்கும் சாமையும் தினையும் உமி நீக்கியவை. நார்ச்சத்து போய்விட்டிருக்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். லீ பஜார் பக்கம் பறவைத் தீனி விற்கும் கடைகளில் உமியோடு கேளுங்கள். உமியை உரிக்கும் வேலையை ஹாம்ஸ்டரே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, உரக்கடையில் விதைப்புக்கு விற்கும் கம்போ சோளமோ வேண்டவே வேண்டாம். சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயம் ஏறியிருந்தால் அது பூஞ்சைக்கொல்லி பூசிய விதை, விஷம்.

கேள்வி: நாங்கள் சைவம். புழுவை வீட்டுக்குள் கொண்டுவர அம்மாவுக்கு விருப்பமில்லை. வேறு வழி? (செவ்வாய்ப்பேட்டை வாசகர்)

வழி இருக்கிறது. புழுவை விட்டுவிட்டு பெல்லெட்டை 50 கிராமாக உயர்த்துங்கள், மீல்வார்மின் இடம் அதிலேயே நிரம்பிவிடும், மீதிக்குச் சிறுதானியத்தில் 5 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். அதோடு வாரம் மூன்று நாள் ஏதாவது ஒரு புரதம்: உப்பில்லாமல் வேகவைத்துப் பிழிந்த மீல்மேக்கரில் ஒரு பட்டாணி அளவு, அல்லது வேகவைத்த பாசிப்பயறு நாலைந்து மணி, அல்லது வறுத்த பொட்டுக்கடலை இரண்டு. பச்சை ராஜ்மாவும் ஊறவைத்த பச்சை மொச்சையும் கூடாது, அவற்றில் வேகாதபோது நச்சு இருக்கிறது. முட்டை மட்டும் வீட்டில் புழங்கும் என்றால் அவித்த வெள்ளைக்கரு எல்லாவற்றையும்விட மேல்.

கேள்வி: கிண்ணம் தினமும் காலியாகிவிடுகிறது. பசி என்று நினைத்து மேலும் மேலும் போடுகிறேன். எதைத் தின்கிறது, எதை விடுகிறது என்றே தெரியவில்லை. (அம்மாபேட்டை வாசகர்)

கிண்ணத்தை நம்பாதீர்கள், அது இரண்டு விதத்திலும் ஏமாற்றும். ஹாம்ஸ்டர் தின்பதற்கு முன் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போய்ப் படுக்கைக்கு அடியில் பதுக்கும். கிண்ணம் காலி என்றால் எல்லாம் வயிற்றில் இல்லை. இன்னொரு பக்கம், தினையின் உமி மட்டும் மேலே மிதந்து கிண்ணம் நிறைந்தது போலக் காட்டும். வாயால் ஊதிப் பார்த்தால் அடியில் ஒன்றும் இருக்காது.

பார்க்க வேண்டிய இடம் பதுக்கல். வாரம் ஒருமுறை மெல்லக் கிளறிப் பாருங்கள். பெல்லெட் அப்படியே குவிந்திருந்து, சூரியகாந்தி விதையும் புழுவும் மட்டும் காணாமல் போயிருந்தால், அது பிடித்ததைப் பொறுக்கித் தின்கிறது. அப்போது புதிதாக ஏதும் வைக்காமல் பதுக்கலில் இருப்பதைத் தின்னும்வரை ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. முழுப் பதுக்கலையும் அள்ளி எறிந்துவிடாதீர்கள். சேமிப்பு பறிபோனால் அது கலவரப்பட்டு முன்னைவிட அதிகமாகப் பதுக்கும். ஈரமானதை மட்டும் எடுங்கள்.

அடுத்தது எடை. உங்கள் ஊர் வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக் கண்ணியை நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு இதற்கு மிகப் பொருத்தம். ஒரு டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, ஹாம்ஸ்டரை அதில் இறக்குங்கள். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எழுதி வையுங்கள். ரோபரோவ்ஸ்கி 20 முதல் 25 கிராம், மற்ற இரண்டும் 30 முதல் 50 கிராம். 40 கிராம் உயிருக்கு 4 கிராம் குறைவது பத்தில் ஒரு பங்கு இழப்பு. நமக்கு அற்பமாகத் தெரியும், அதற்கு அது பெரிய நோய். ஒரு மாதத்தில் 5 கிராம் ஏறினால் ஆளி, பூசணி, சூரியகாந்தி விதைகளை நிறுத்திவிட்டு, தீனியை 5 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் ஜவ்வரிசி எப்போதும் இருக்கும். மாம்பழ சீசனில் ஒரு துண்டு மல்கோவா? (ஆத்தூர் வாசகி)

இரண்டும் வேண்டாம். ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து, வெந்தால் கன்னப்பையின் உட்புறத்தில் பசையாக ஒட்டிப் புண்ணாக்கும். மாம்பழம் சர்க்கரை. பச்சை மரவள்ளிக் கிழங்கும் கூடாது, அதில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

கேள்வி: எங்கள் கேம்ப்பெல் பாட்டிலை இரண்டே நாளில் காலி செய்கிறது. நன்றாகத் தின்றும் இளைக்கிறது. தினம் ஒரு உலர் திராட்சையும் பிஸ்கட் துணுக்கும் கொடுத்து வந்தோம். (சூரமங்கலம் வாசகர்)

நீங்கள் சொல்லும் மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சர்க்கரை நோய். கேம்ப்பெல் வகைக்கு இது பிறவியிலேயே வரக்கூடியது. வின்டர் ஒயிட் என்று விற்பதில் பல, கேம்ப்பெல்லோடு கலந்த கலப்பினம். ஆகவே எந்த ட்வார்ஃபையும் சர்க்கரை நோய் வரக்கூடியதாகவே நினைத்து வளர்ப்பது நல்லது.

ஹாம்ஸ்டர் தன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் குடிக்கும். 40 கிராமுக்கு 4 மில்லி. பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 8, 10 மில்லி போயிருந்தால் அசாதாரணம்தான். ஆனால் பாட்டில் சொட்டுகிறதா என்பதையும் அடியில் ஒரு டம்ளர் வைத்துச் சோதித்துவிடுங்கள், பலர் ஒழுகலைத் தாகம் என்று எண்ணிப் பதறுவதுண்டு. பிறகு மருந்துக் கடையில் சிறுநீரில் குளுக்கோஸும் கீட்டோனும் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) பார்க்கும் பட்டை கேளுங்கள். கழுவி உலர்த்திய பிளாஸ்டிக் டப்பாவில் படுக்கைத் தூள் இல்லாமல் ஹாம்ஸ்டரைப் பத்து, பதினைந்து நிமிடம் விட்டால் சிறுநீர் கழிக்கும். பட்டையை அதில் தோய்த்து, உறையில் போட்டிருக்கும் வினாடிக் கணக்குப்படி நிறத்தை ஒப்பிடுங்கள். குளுக்கோஸ் கட்டம் நிறம் மாறினால் மருத்துவரிடம் போகவேண்டும். கீட்டோனும் சேர்ந்து தெரிந்தால் அன்றைக்கே. சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் அருகில் இல்லாதபோது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியது: திராட்சை, பிஸ்கட், பேரீச்சை, தேன் ஒட்டிய குச்சி, மக்காச்சோளம், கேரட், பீட்ரூட் எல்லாம் நிறுத்தம். தாகத்தைக் குறைக்கிறோம் என்று தண்ணீரைக் குறைக்கவோ, பட்டினி போடவோ கூடாது; சின்ன உடம்பு சில மணி நேரத்தில் சரிந்துவிடும். சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் கொடுங்கள். நம் வீட்டுச் சர்க்கரை மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது உயிருக்கே உலை வைக்கும்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். தோட்டத்தில் கமலா ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், கொய்யா எல்லாம் உண்டு. கடிக்கக் காப்பிக் குச்சி போடலாமா? மழைக்காலத்தில் தீனி பூஞ்சை பிடிக்கிறது. (ஏற்காடு வாசகர்)

ஆரஞ்சு புளிப்பு, வேண்டாம். பட்டர் ஃப்ரூட்டின் பழம், இலை, கொட்டை எதுவும் கூடாது; அதிலுள்ள பெர்சின் பல விலங்குகளுக்கு நஞ்சு, கொழுப்பும் அதிகம். காப்பிப் பழத்திலும் இலையிலும் காஃபின் இருக்கிறது. தோட்டங்களில் போர்டோ கலவை என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லி அடிப்பதால் குச்சியிலும் தாமிரம் படிந்திருக்கும். உங்களுக்கு வாய்த்தது கொய்யாக் குச்சி. மருந்தடிக்காத மரத்தில் விரல் தடிமனில் வெட்டி, கழுவி, இரண்டு வாரம் உலர்த்திப் போடுங்கள். முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை, கடிக்க ஏதாவது இருந்தே ஆகவேண்டும்.

பூஞ்சை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். மலை மேல் மூட்டம் இறங்கும் மாதங்களில் ஒரு மாதத்துக்கு மேல் தீனி வாங்க வேண்டாம். வெயில் அடிக்கும் நாளில் உலர்த்தி, ஆறவைத்து, கண்ணாடி பாட்டிலில் இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்து மறுபடி பூக்கும். பூஞ்சை பிடித்ததை வறுத்தோ கழுவியோ பயன்படுத்தக் கூடாது, வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும் அஃப்லடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது.

மார்கழி, தை குளிரில் ஒரு கிராம் கூடுதலாக வையுங்கள். குளிரும் பசியும் சேர்ந்தால் ஹாம்ஸ்டர் உடல் சில்லிட்டு அசையாமல் சுருண்டுவிடும். இறந்துவிட்டது என்று எடுத்துப் போடாமல், உள்ளங்கையில் பொத்தி மெல்லக் கதகதப்பாக்குங்கள். அரை மணி, ஒரு மணியில் மூச்சு தெரியும்.

கேள்வி: சித்திரை வெயிலில் காய்கறி எவ்வளவு கொடுக்கலாம்? (கொண்டலாம்பட்டி வாசகி)

கட்டைவிரல் நகமளவு, அவ்வளவுதான். வெள்ளரி, புரோக்கோலி, காலிஃப்ளவர், குடைமிளகாய், கொத்தமல்லி இவற்றில் ஒன்று. வெயிலுக்குக் குளிர்ச்சி என்று ஒரு வளையம் வெள்ளரி வைத்தால் மறுநாள் வயிற்றுப்போக்கு, அதுவே இவற்றைக் கொல்லும். புதிய காய் என்றால் மூன்று நாள் அதையே கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வெங்காயம், பூண்டு, பச்சை உருளைக்கிழங்கு, தக்காளி இலை எப்போதும் கூடாது. சேலத்து வெயிலில் காய் சில மணி நேரத்தில் புளித்துவிடும். இரவு வைத்ததை விடிந்ததும் தேடி எடுத்துவிடுங்கள், பதுக்கலிலும் பாருங்கள். பாட்டில் தண்ணீரைத் தினமும் மாற்றி, முனையிலுள்ள குண்டை விரலால் தள்ளித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். உப்புக் கறை அடைத்துக்கொண்டால் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் அது தாகத்தில் தவிக்கும்.

கேள்வி: குட்டி போட்டிருக்கிறது. தாய்க்குத் தனியாக ஏதாவது? (அயோத்தியாப்பட்டணம் வாசகர்)

தீனியை இரட்டிப்பாக்குங்கள். தினமும் இரண்டு மீல்வார்ம் அல்லது ஒரு பட்டாணி அளவு வெள்ளைக்கரு சேருங்கள். பத்தாம் நாள் வாக்கில் குட்டிகளே கொறிக்கத் தொடங்கும். அப்போது பெல்லெட்டை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்து, தாழ்வான மூடியில் வையுங்கள், மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். பாட்டில் முனை குட்டிகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். முதல் பத்து நாள் கூட்டைக் கிளறாதீர்கள், பதுக்கலைப் பார்ப்பதும் அதுவரை வேண்டாம்.