நான்கே நாளில் 60% ஏறிய காயின்: அசல் ஏற்றமா, ஜோடனையா?

கேள்வி: நான் 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த சிறிய கிரிப்டோ காயின் ஒன்று நான்கு நாளில் 60 சதவீதம் ஏறிவிட்டது. டெலிகிராம் குழுவில் இன்னும் மூன்று மடங்கு போகும் என்கிறார்கள். கையில் இருக்கும் இன்னொரு 2 லட்சத்தையும் போடலாமா? இது உண்மையான ஏற்றம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: 60 சதவீதம் என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. விலை என்பது கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் எண், அவ்வளவுதான். யாருடைய பணம் அதை ஏற்றியது, நீங்கள் விற்கப் போகும்போது எதிரில் வாங்க ஆள் இருக்கிறதா என்ற இரண்டையும்தான் தோண்ட வேண்டும்.

முதலில் உங்கள் காயின் எங்கே கைமாறுகிறது என்று பாருங்கள். யூனிஸ்வாப், பேன்கேக்ஸ்வாப் போன்ற, நிரல் வழியே தானாக நடக்கும் எக்ஸ்சேஞ்சுகளில் மட்டும்தான் என்றால், ஆர்டர் புக் (வாங்கவும் விற்கவும் காத்திருப்பவர்களின் விலைப் பட்டியல்) கிடையாது. டாலரையும் காயினையும் (டோக்கனையும்) சேர்த்துப் போட்டு வைத்த ஒரு தொகுப்பு, அதாவது லிக்விடிட்டி பூல்தான் விலையைத் தீர்மானிக்கிறது. பூலில் ஒரு பக்கம் 1 லட்சம் டாலர், மறுபக்கம் அதே மதிப்புக்கு டோக்கன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 10,000 டாலருக்கு வாங்கினால் விலை 21 சதவீதம் ஏறும். 27,000 டாலருக்கு வாங்கினால் ஏறுவது சுமார் 61 சதவீதம். அதாவது, நீங்கள் பார்க்கும் இந்த ஏற்றத்தை ஒரே ஆள் ஒரு மதியத்தில் உண்டாக்கிவிடலாம். மார்க்கெட் கேப் (விலையைப் புழக்கத்தில் உள்ள டோக்கன் எண்ணிக்கையால் பெருக்கிய தொகை) என்று தளத்தில் காட்டும் மதிப்பு எத்தனை கோடி ஏறினாலும், எல்லோரும் சேர்ந்து விற்றால் வெளியே எடுக்க முடிவது பூலில் கிடக்கும் டாலரை மட்டுமே.

இப்படிப்பட்ட டோக்கன் என்றால் ஈதர்ஸ்கேன் அல்லது பிஎஸ்சிஸ்கேன் தளத்தில் அதன் கான்ட்ராக்ட் (டோக்கனை இயக்கும் நிரல்) முகவரியைப் போட்டு, யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் ஹோல்டர்ஸ் பகுதியைத் திறக்கவும். பூல், எக்ஸ்சேஞ்ச் வாலட்டுகளைக் கழித்துவிட்டு, முதல் பத்து வாலட்டுகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் வைத்திருந்தால் விலகிவிடலாம். பூலில் போட்ட பணம் பூட்டப்பட்டிருக்கிறதா, எத்தனை நாளுக்கு என்பதும் முக்கியம். பூட்டாவிட்டால் உருவாக்கியவர் எந்த நிமிடமும் உருவிக்கொண்டு போகலாம். பிறகு, சிறிய தொகைக்கு விற்றுப் பாருங்கள். 2021 அக்டோபர் கடைசியில் வந்த ஸ்குவிட் டோக்கன் ஒரு சென்ட் அளவில் தொடங்கி சில நாளில் 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்கள் தங்களால் விற்க முடியவில்லை என்று அப்போதே புலம்பிக்கொண்டிருந்தார்கள். நவம்பர் 1 அன்று சில நிமிடங்களில் விலை பூஜ்யத்தை ஒட்டி விழுந்தது. விற்கவே முடியாத சந்தையில் விலை ஏறத்தானே செய்யும்! ஒருமுறை விற்க முடிந்தது என்பதற்காகவும் முழுதாக நம்பிவிட வேண்டாம். விற்பவரிடம் டோக்கனே பிடித்துக்கொள்ளும் விற்பனை வரியைப் பிறகு மாற்றும் அதிகாரம் சில கான்ட்ராக்டுகளில் உருவாக்கியவர் கையில் இருக்கும்.

பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் உள்ள காயின் என்றால் வேலை வேறு. காயின்ஜெக்கோ அல்லது காயின்மார்க்கெட்கேப்பில் அந்தக் காயினின் மார்க்கெட்ஸ் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சுக்கும் 24 மணி நேர வால்யூமும் (கைமாறிய தொகை), 2 சதவீத டெப்த் (விலையை 2 சதவீதம் நகர்த்தத் தேவையான தொகை) என்ற எண்ணும் இருக்கும். வால்யூமைப் பார்த்து மயங்காதீர்கள். ஏலத்தில் ஒரே ஆள் இரண்டு குரலில் விலை கேட்பதுபோல, தன்னிடமே விற்றுத் தானே வாங்கி வால்யூமை ஊதிக்காட்டுவது சுலபம். அன்று வெளியிடப்பட்டுவந்த பிட்காயின் வால்யூமிலேயே சுமார் 95 சதவீதம் போலி என்று பிட்வைஸ் நிறுவனம் 2019 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஆய்வு கொடுத்தது. சிறிய காயின்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டெப்த் எண்ணைப் பொய்யாக்குவது அத்தனை சுலபமில்லை. வாங்கும் பக்க டெப்த் 6,000 டாலர் என்றால், சுமார் 5 லட்சம் ரூபாய்க்கு விற்றாலே விலை 2 சதவீதம் சரியும் என்று அர்த்தம். வால்யூம் 80 லட்சம் டாலர், டெப்த் 6,000 டாலர் என்று இருந்தால் அந்த வால்யூமை நம்ப வேண்டியதில்லை. பெரும்பகுதி வால்யூம் பெயர் தெரியாத ஒரே எக்ஸ்சேஞ்சில் குவிந்திருந்தாலும் அப்படியே.

அடுத்தது கடன் பணம். அந்தக் காயினுக்குப் பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸ் (கடன் வைத்து விலையின் மேல் பந்தயம் கட்டும், முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தம்) இருந்தால், காயின்கிளாஸ் தளத்தில் ஃபண்டிங் ரேட் (பந்தயத்தின் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாருக்குக் கட்டும் கட்டணம்), ஓபன் இன்ட்ரஸ்ட் (இன்னும் முடிக்கப்படாத ஒப்பந்தங்களின் அளவு) இரண்டையும் விலையோடு வைத்துப் பாருங்கள். ஃபண்டிங் பல இடங்களில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. சாதாரண நாளில் 0.01 சதவீதம் அளவில் நிற்கும். அது 0.1 சதவீதத்துக்குப் போனால், லாங் (விலை ஏறும் என்ற பந்தயம்) வைத்திருப்பவர் நாளுக்கு 0.3, மாதத்துக்கு 9 சதவீதம் கட்டிக்கொண்டிருக்கிறார். இந்தச் செலவை யாரும் நெடுநாள் தாங்க மாட்டார்கள். சில காயின்களுக்கு 4 மணி நேரம் அல்லது 1 மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கு நடக்கும். அந்த இடைவெளியைப் பார்க்காமல் எண்ணை ஒப்பிட்டால் தப்பாகிவிடும்.

ஓபன் இன்ட்ரஸ்டை டாலரில் பார்க்காமல் காயின் எண்ணிக்கையில் பாருங்கள். டாலர் கணக்கு, விலை ஏறினாலே தானாக ஏறிவிடும். விலை ஏற, ஓபன் இன்ட்ரஸ்ட் இறங்கினால் அது பெரும்பாலும் ஷார்ட் ஸ்க்வீஸ்: இறங்கும் என்று பந்தயம் கட்டியவர்கள் லிக்விடேஷனில் (நட்டம் தாங்காமல் பந்தயம் கட்டாயமாக மூடப்படுவதில்) மாட்டி, வேறு வழியின்றி வாங்குகிறார்கள். அவர்கள் முடிந்ததும் வாங்க ஆளில்லை. ஸ்பாட் வால்யூம் (காயினையே நேரடியாக வாங்கி விற்கும் அளவு) சும்மா கிடக்க, ஓபன் இன்ட்ரஸ்டும் ஃபண்டிங்கும் சேர்ந்து எகிறினால் அது கடனில் கட்டிய ஏற்றம். 5 சதவீதச் சரிவே வரிசையாக லாங்குகளைக் கொட்டிவிடும். நம்பத்தகுந்த ஏற்றத்தில் ஸ்பாட் வால்யூம் 20 நாள் சராசரியைப்போல இரண்டு மடங்காவது இருக்கும், பல எக்ஸ்சேஞ்சுகளில் ஒரே நேரத்தில் தெரியும், ஃபண்டிங் அடங்கியிருக்கும்.

செய்தியால் ஏறியதென்றால் செய்தியின் மூலத்துக்கே போங்கள். 2021 செப்டம்பர் 13 அன்று வால்மார்ட் லைட்காயினை ஏற்கப்போகிறது என்ற போலி அறிக்கையால் லைட்காயின் சுமார் 30 சதவீதம் பாய்ந்து, மறுப்பு வந்ததும் திரும்பி விழுந்தது. 2023 அக்டோபர் 16 அன்று பிளாக்ராக் நிறுவனத்தின் பிட்காயின் இடிஎஃப்-க்கு (பங்குச் சந்தையில் வாங்கும் நிதிக்கு) அனுமதி கிடைத்துவிட்டது என்ற தவறான பதிவால் பிட்காயினே 30,000 டாலரைத் தொட்டு இறங்கியது. சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த அறிவிப்பு இல்லையென்றால், செய்தி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராம் குழு மூலமல்ல. அங்கே அறிவுரை சொல்பவர் உங்களுக்கு விற்கக் காத்திருப்பவராகவும் இருக்கலாம்.

இன்னும் சில சரிபார்ப்புகள் உண்டு. பிட்காயினுக்கு எதிரான விலைச் சார்ட்டைப் பாருங்கள். அதில் ஏற்றம் இல்லையென்றால் உங்கள் காயினுக்கென்று தனியாக எதுவும் நடக்கவில்லை. மொத்த டோக்கனில் 10, 15 சதவீதம்தான் புழக்கத்தில் இருந்தால், பூட்டி வைத்த டோக்கன்கள் புழக்கத்துக்கு வரும் அடுத்த அன்லாக் தேதியைத் தேடுங்கள். ரூபாய் விலையை மட்டும் பார்க்காமல் யுஎஸ்டிடி (டாலர் மதிப்பையொட்டி நிற்கும் காயின்) விலையையும் பாருங்கள், இந்திய எக்ஸ்சேஞ்சில் மட்டும் விலை உப்பியிருக்கலாம். சார்ட்டில் ஒரு நாளின் விலையைக் காட்டும் நாள் கேண்டில் நம் நேரப்படி காலை 5:30-க்குத்தான் முடியும். நள்ளிரவில் பழைய உச்சத்தைத் தாண்டியதை வைத்து முடிவெடுக்காதீர்கள். விலை திரும்பி அந்தப் பழைய உச்சத்துக்கு இறங்கி, அங்கே வாங்குபவர் நிற்கிறார்களா என்று தெரிந்த பிறகு வாங்கினால் கொஞ்சம் லாபம் குறையலாம், பரவாயில்லை. சனி, ஞாயிறு ஏற்றங்களுக்கு மேலும் ஒரு நாள் கொடுங்கள். அந்த நாட்களில் ஆர்டர் புக் மெலிந்திருக்கும்.

நீங்கள் சொன்ன விவரத்தில் டெலிகிராம் உற்சாகம் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. ஆகவே மேலே சொன்னவற்றைப் பார்த்து முடிக்கும்வரை அந்த 2 லட்சத்தைப் போட வேண்டாம். இருப்பதில் முதலை மட்டும் வெளியே எடுக்க நினைத்தால், 1 லட்சத்துக்கு விற்றால் போதாது. லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். 1.6 லட்சம் மதிப்புள்ள கையிருப்பில் சுமார் 1.13 லட்சத்துக்கு விற்றால்தான் வரி போக 1 லட்சம் நிற்கும். விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ் அந்த வரியிலேயே கழியும். வேறு காயினில் நட்டம் வந்தால் இந்த லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.