ஒட்டிக் காய்ந்த பிறகு அலமாரி கோணிப்போவது ஏன்?

18 மி.மீ. பிளைவுட்டில் 900 × 600 மி.மீ. அளவில் அலமாரிப் பெட்டி செய்தேன், வெட்டும்போது எல்லாப் பலகையும் மூலைமட்டத்துக்குச் சரியாக இருந்தது, ஒட்டிக் காய்ந்ததும் கதவு பொருந்தவில்லை என்கிறீர்கள்.

முதலில் வாய்ப்பக்கத்து மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் சுமார் 1082 மி.மீ. வர வேண்டும். சமமாக இருந்தால் பெட்டி கோணவில்லை, பெரும்பாலும் தரைதான் மட்டமில்லாமல் இருக்கும். தூக்கிக்கொண்டிருக்கும் மூலைக்கு அடியில் மெல்லிய மரச்சிம்பு கொடுத்தால் கதவு வந்து உட்காரும். சமமாக இல்லை என்றால், கிளாம்ப் (பசை காயும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் திருகுப்பிடி) முறுக்கும்போதுதான் கோணியிருக்கும்.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை ஈரமாக இருக்கையில் மூட்டு வழுக்கும். கிளாம்ப் பலகைக்கு இணையாக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்தாலும், முறுக்க முறுக்கப் பெட்டி சாய்சதுரமாகிவிடும். அதனால் ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், நான்கையும் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக முறுக்குங்கள், நடுநடுவே மூலைவிட்டம் பாருங்கள். 4 மி.மீ. வித்தியாசம் என்றால் நீளமான மூலைவிட்டம் 2 மி.மீ. குறையும்வரை அந்தத் திசையில் கிளாம்பைச் சாய்த்து இழுங்கள். மற்றது தானே கூடிவிடும். ரொம்ப இறுக்கினால் பக்கப்பலகை வில்லாக வளையும். கிளாம்புக்கும் பலகைக்கும் நடுவே அகலம் முழுவதும் ஒரு சட்டம் வைத்தால் அழுத்தம் பரவும். மூட்டு நெடுக மணிமணியாகப் பசை பிதுங்கினால் போதும்.

இதையெல்லாம் நிதானமாகச் செய்ய நேரம் கிடைக்காது. பசை தடவி ஏறக்குறைய பத்து நிமிடத்துக்குள் பலகைகள் சேர்ந்தாக வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் குறைவு. ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், காற்றில் பசை மேலே ஆடை கட்டிவிடும். பலர் தாண்டிப் போகிற வேலை ஒன்று உண்டு: பசையில்லாமல் ஒருமுறை முழுப் பெட்டியையும் கிளாம்போடு கோத்துப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு பென்சிலில் எண் போடுவது.

பிளைவுட்டின் வெட்டு விளிம்பு பசையை உறிஞ்சும். ஒரு பூச்சு கொடுத்து இரண்டு நிமிடம் விட்டு மறுபடி தடவுங்கள். சன்மைக்கா ஒட்டிய பரப்பில் இந்தப் பசை பிடிக்காது, மூட்டு வரும் இடத்தில் சன்மைக்காவை எடுத்துவிட வேண்டும். ஸ்க்ரூவும் போடுவதானால் 40 மி.மீ. நீளம் போதும்; விளிம்பில் 3 மி.மீ. துளை, மேல் பலகையில் 4.5 மி.மீ. துளை. மேல் துளை தளர்வாக இல்லாவிட்டால் மரை இரண்டு பலகையிலும் பிடித்து, இடைவெளி மூடாமலே நிற்கும்.

பெட்டியைக் கடைசிவரை நேராகப் பிடித்து வைப்பது 6 மி.மீ. பின்பலகை. அதன் மூலைவிட்டங்களையும் சரிபார்த்து, கிளாம்ப் கழற்றும் முன்பே அடித்துவிடுங்கள். உங்கள் பெட்டிக்கு இன்னும் பின்பலகை போடவில்லை என்றால் இப்போதும் சிறு கோணலை மூலைவிட்ட வாக்கில் இழுத்துப் பிடித்து, பின்பலகையால் பூட்டிவிடலாம். போட்டாகிவிட்டது, வித்தியாசமும் இரண்டு மூன்று மி.மீ. தான் என்றால் பெட்டியைத் தொட வேண்டாம், கீலில் இருக்கும் திருத்தும் ஸ்க்ரூவைத் திருகிக் கதவை நகர்த்துங்கள்.