படங்களைத் தராத திருமணப் புகைப்படக்காரர்: ஒப்பந்தமும் உங்கள் உரிமையும்

வாசகியின் கேள்வி: எங்கள் திருமணத்துக்குப் புகைப்படமும் வீடியோவும் எடுக்க ஒரு ஸ்டூடியோவை என் அண்ணன் பேசி முடித்தார். கொட்டேஷனின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த நிபந்தனைகளின் கீழ் அவர்தான் கையெழுத்திட்டார். மொத்தத் தொகையில் 70 விழுக்காடு கொடுத்துவிட்டோம். மீதியை ஆல்பம் கைக்கு வரும்போது தருவதாகப் பேச்சு. 90 நாளில் எல்லாம் தருவதாக எழுதியிருந்தும், எட்டு மாதமாகியும் வரவேற்பு நிகழ்ச்சியின் படங்கள் மட்டுமே வந்துள்ளன. திருமணச் சடங்கின் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டதாக ஐந்தாம் மாதம் சொன்னார். இப்போது, மீட்டுத் தருவதற்குக் கூடுதல் பணம் கேட்கிறார். இதற்கிடையில், போன மாதம் அதே சடங்கில் எடுத்த எங்கள் படங்கள் இரண்டை அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டிருக்கிறார். அவற்றை உடனே நீக்கச் சொல்லலாமா? வழக்குப் போட முடியுமா? அடுத்து என் தங்கையின் திருமணம் வருகிறது. அவளுக்கு ஒப்பந்தம் எப்படி எழுதுவது?

வழக்கறிஞரின் பதில்:

அந்த இரண்டு படங்களையும் நீக்கச் சொல்லி இப்போதைக்கு அவருக்கு ஒரு வரிகூட எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தில் உங்களுக்கு மிகவும் சாதகமான செய்தி அதுதான். சடங்கின் படங்கள் ஹார்டு டிஸ்க்கோடு போய்விட்டன என்று ஐந்தாம் மாதத்தில் சொன்னவர், ஏழாம் மாதத்தில் அதே சடங்கின் படங்களை வெளியிட்டிருக்கிறார் என்றால், ஒரு பகுதியாவது வேறோர் இடத்தில் அவரிடம் இருக்கிறது என்பதற்கு அவருடைய பக்கமே சாட்சி. நீங்கள் கோபத்தில் ஒரு செய்தி அனுப்பினால் அவர் அந்தப் பதிவை நீக்கிவிடுவார். பிறகு அது இருந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

ஆகவே, பக்கத்தின் பெயர், பதிவின் தேதி, இணைப்பு முகவரி மூன்றும் தெரியும்படி திரைப்பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். அவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும், உங்களுக்குப் பாதகமாகத் தோன்றும் செய்திகளையும் சேர்த்தே, ஏற்றுமதி செய்து வையுங்கள். அந்தக் கைபேசியை இப்போதைக்கு மாற்றவோ விற்கவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். கருவியை வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும் வல்லுநர் ஒருவர் மறு பகுதியிலும் கையெழுத்திடும் படிவம் அது. நீங்கள் வழக்குத் தொடுக்கக்கூடிய நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்களை உரிமையியல் நீதிமன்றங்கள் அளவுக்கு வற்புறுத்துவதில்லை என்றாலும், கையில் இருப்பது நல்லது.

இந்த விவகாரத்தில் உங்களுக்கு எது முக்கியம் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இழப்பீட்டைச் சற்றுத் தாமதமாகவும் வசூலித்துக்கொள்ளலாம். அழிந்துபோன கோப்பை எந்த ஆணையமும் உருவாக்கித் தர முடியாது. ஆகவே ஸ்டூடியோவுக்கு நீங்கள் அனுப்பும் நோட்டீஸும் ஆணையத்தில் தரும் மனுவும் கோப்புகளைக் காப்பதில் தொடங்க வேண்டும்; பணம் அதற்குப் பின்னால் வரட்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொட்டேஷனின் பின்பக்கத்தில் அச்சிட்டது ஒப்பந்தம் ஆகுமா, பதிவு செய்ய வேண்டாமா என்ற ஐயம் பலருக்கும் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 10-இன்படி சுதந்திரமான சம்மதமும் சட்டத்துக்கு உட்பட்ட பிரதிபலனும் (சேவைக்கு ஈடாகத் தரும் பணம் போன்றது) இருந்தால் அது ஒப்பந்தமே; இத்தகைய சேவைக்கு வாய்மொழி ஒப்பந்தம்கூடச் செல்லும், பதிவு தேவையில்லை. கையெழுத்திட்டவர் உங்கள் அண்ணன் என்பதும் தடையாகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7), பணம் கொடுத்துச் சேவையை அமர்த்தியவரை மட்டுமல்லாமல், அவருடைய சம்மதத்தோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுபவரையும் நுகர்வோர் என்கிறது. இருந்தாலும் நீங்களும் அண்ணனும் சேர்ந்தே மனுதாரர்களாக இருங்கள்; பணம் சென்ற வங்கிக் கணக்கு அவருடையது என்றால் அந்த ரசீதுகளை அவர் மூலமே தாக்கல் செய்வது எளிது.

90 நாள் கெடு கடந்துவிட்டது உண்மை. ஆனால் நீங்கள் ஐந்து மாதம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்ததைக் காட்டி, கெடுவை நீங்களே தளர்த்திவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிடும். எனவே நோட்டீஸில், எடுத்துக்காட்டாக 15 நாள் என்று, நியாயமான ஓர் இறுதிக் கெடுவைக் குறிப்பிட்டு, அதற்குமேல் காலநீட்டிப்பு இல்லை என்று எழுத வேண்டும். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 55-இன்படி காலமே ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று கருத இடமில்லாத நிலையிலும், தாமதத்தால் நேர்ந்த இழப்புக்கு ஈடு கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கூடுதல் பணத்துக்கு வருகிறேன். படம் எடுத்துப் பத்திரமாக ஒப்படைப்பதற்குத்தான் அவருக்கு ஊதியம் பேசப்பட்டது. இரண்டு பிரதிகளில் சேமித்து வைப்பது அந்தத் தொழிலில் எவரும் காட்ட வேண்டிய சாதாரண கவனம். அதைச் செய்யாமல் விட்டதன் செலவை வாடிக்கையாளரிடம் கேட்பதற்கு அடிப்படை இல்லை. டிஸ்க் பழுதானதால் நிறைவேற்ற இயலாமல் போயிற்று என்று பிரிவு 56-க்குள் ஒதுங்குவதும், தன் கவனக்குறைவால் வந்த தடைக்குப் பொருந்தாது. நிலுவைத் தொகைக்காகப் படங்களைப் பிடித்து வைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவர் சொல்லக்கூடும். பிரிவு 171 தரும் பொதுவான பிடிப்புரிமை வங்கியாளர், வழக்கறிஞர் உள்ளிட்ட சில வகையினருக்கே உரியது. புகைப்படக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் உங்கள் பேச்சின்படி ஆல்பமும் மீதிப் பணமும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டியவை என்பதால், நீங்கள் பணத்துக்குத் தயாராக இல்லை என்று சொல்லும் வாய்ப்பை அவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. “மீதமுள்ள 30 விழுக்காட்டை, ஒப்புக்கொண்ட அனைத்தையும் பெற்றுக்கொள்ளும் அதே நேரத்தில் செலுத்த நாங்கள் தயாராக இருக்கிறோம்; அதற்கு மேற்பட்ட எந்தத் தொகையையும் செலுத்தக் கடமைப்பட்டவர்கள் அல்லர்” என்ற வாக்கியம் உங்கள் நோட்டீஸில் அப்படியே இடம்பெறட்டும்.

நிபந்தனைகளில் “ஸ்டூடியோவின் பொறுப்பு பெற்ற தொகையைத் திருப்பித் தருவதோடு முடியும்” என்பது போன்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்ட படிவங்களில் பெரும்பாலும் இருக்கும். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 2(46)-இல் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற கருத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் நியாயமற்றது என்ற புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்குமே தரப்பட்டுள்ளது. உங்களுடைய வழக்கைச் சேவைக் குறைபாடு என்ற அடிப்படையிலேயே மாவட்ட ஆணையத்தில் நடத்துவதுதான் நடைமுறைக்கு உகந்தது. கையில் இருக்கும் கோப்பை இல்லையென்று சொல்வது பிரிவு 2(11) கூறும் குறைபாட்டில், அதாவது தகவலை வேண்டுமென்றே மறைத்தலில், நேரடியாக விழும்.

மன உளைச்சலுக்கு ஈடு கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது. லக்னோ வளர்ச்சிக் குழுமம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில், நுகர்வோருக்கு நேர்ந்த அலைக்கழிப்புக்கும் மன வேதனைக்கும் இழப்பீடு வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வெளிநாட்டுத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்தாது என்றாலும், ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது: ஸ்காட்லாந்தில் 1971-இல் தீர்ப்பான டீசன் எதிர் சாம்சன் வழக்கில், ஒப்புக்கொண்ட புகைப்படக்காரர் திருமணத்துக்கு வராமல் போனதற்காக மணமகளின் மன வருத்தத்துக்கே நீதிமன்றம் ஈடு அளித்தது. திருமணப் படத்தின் மதிப்பு அதை அச்சிடும் செலவில் இல்லை என்பதை அப்போதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இனி, விளம்பரத்தில் வந்த படங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(பி)-இன்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கும் திரைப்பதிவுக்கும், மாறான உடன்பாடு இல்லாதபோது, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொதுவிதி இதற்கு நேர் எதிரானது. அங்கே உரிமை எடுத்தவருக்கே. அந்த நாடுகளின் மாதிரி ஒப்பந்தங்களை இணையத்திலிருந்து எடுத்து இங்கே அச்சிடும்போது, “அனைத்துப் பதிப்புரிமையும் ஸ்டூடியோவைச் சேரும்” என்ற வரியும் கூடவே வந்துவிடுகிறது. அதில் கையெழுத்திட்டவர், நம் சட்டம் இயல்பாகத் தந்த உரிமையைத் தன் கையாலேயே கொடுத்துவிடுகிறார். உங்கள் தாளில் அப்படி வரி இல்லையென்றால், அமர்த்தியவர் என்ற முறையில் உரிமை உங்கள் அண்ணனுக்கு உரியது. நீக்கக் கோரும் கடிதம் அவர் பெயரில் செல்ல வேண்டும். வரி இருந்தாலும், உங்கள் முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதித்தீர்களா என்பது தனிக் கேள்வி; 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதிசெய்யப்பட்ட பின் அந்த வாதம் வலுப்பெற்றிருக்கிறது. ஆதாரம் பத்திரமான பிறகு இந்தக் கடிதம் போகட்டும். திருத்தம் செய்யாத மூலக் கோப்புகளைப் பற்றி ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால் அவற்றைத் தரச் சொல்வதில் இரு தரப்பு வாதத்துக்கும் இடம் உண்டு. ஆனால் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்ல உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

நோட்டீஸின் கெடு முடிந்ததும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். ஸ்டூடியோ வேறு ஊரில் இருப்பது பொருட்டல்ல. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. மனுவோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(8)-இன் கீழ், அவரிடமுள்ள கோப்புகளையும் பழுதான டிஸ்க்கையும் அழிக்காமல் பாதுகாக்க இடைக்கால உத்தரவு கோரும் தனி மனுவையும் அன்றே தாக்கல் செய்யுங்கள். சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள். கோப்பு கைக்கு வருவதற்கு அதுவே விரைவான வழியாக அமையலாம். காலவரம்பு இரண்டு ஆண்டு. “அடுத்த வாரம் கண்டிப்பா அனுப்பிடுறேன்” என்ற அவருடைய செய்திகளை நம்பிக் கணக்கைத் தள்ளிப்போடாமல், 90 நாள் முடிந்த மறுநாளிலிருந்தே எண்ணுங்கள்.

தங்கையின் ஒப்பந்தத்தில், “விரைவில் வழங்கப்படும்” என்ற சொற்கள் எங்கே இருந்தாலும் அடித்துவிட்டுத் தேதி எழுதச் சொல்லுங்கள். கேமராவோடு வரப்போகும் நபரின் பெயர், அவர் வர முடியாமல் போனால் யார் வருவார் என்பது, நிகழ்ச்சி முடிந்த எத்தனை நாளுக்குள் எல்லாக் கோப்புகளின் ஒரு நகலும் உங்கள் டிஸ்க்கில் ஏற்றித் தரப்படும் என்பது ஆகியவை இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன ஒன்று இருந்திருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதும் தேவையே வந்திருக்காது. பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு ஒப்படைப்போடு கட்டுங்கள். முன்பணம் எந்நிலையிலும் திருப்பித் தரப்படாது என்ற வரியை அப்படியே ஏற்க வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன் கீழ் நியாயமான ஈட்டுக்கு மேல் பறிமுதல் செய்ய முடியாது என்றாலும், அதற்காக வழக்காடுவதைவிட, எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று இரு தரப்புக்கும் பொதுவாக எழுதிக்கொள்வது மேல். விளம்பரத்துக்கு, “மணமக்கள் இருவரும் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே எழுத்தில் சம்மதம் அளித்தாலன்றி, எந்தப் படமும் வெளியிடப்படாது” என்று ஒரு வரி போதும். பதிப்புரிமை அண்ணனிடமோ தந்தையிடமோ தங்கிவிடாமல் இருக்க, அமர்த்துபவர்களாகத் தங்கையும் மாப்பிள்ளையும் கையெழுத்திடட்டும்; பணம் கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவர் பணம் செலுத்துபவர் என்ற அளவில் மட்டும் கையெழுத்திடட்டும்.