அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சி மேலாளருக்கு என்ன வேலை?

டர்பனில் உயிரியல் படிக்கும் மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள்: "அது கோப்பில் கையெழுத்துப் போடும் வேலைதானே?" இல்லவே இல்லை, அம்மா.

நம் தென்னாப்பிரிக்காவில் நடந்ததையே சொல்கிறேன். 1938 டிசம்பர் 22 அன்று ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், இழுவலைப் படகு கொண்டுவந்த மீன்குவியலில் நீலநிற மீன் ஒன்றைக் கண்டெடுத்தார் அவ்வூர் அருங்காட்சியகத்தின் மார்ஜரி கோர்ட்னே-லாடிமர். ஒன்றரை மீட்டர் நீளம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாக நம்பப்பட்ட சீலகாந்த்! அதை வைக்கக் குளிர்பதன அறை கிடைக்கவில்லை, அழுகாமல் காக்கும் திரவமான ஃபார்மலினும் போதவில்லை. ஃபார்மலினில் நனைத்த செய்தித்தாளைச் சுற்றியும், டிசம்பர் வெயிலில் அழுகத் தொடங்கிவிட்டது. தோலைப் பதப்படுத்திக் காப்பாற்றினார்கள். உள்ளுறுப்புகள் குப்பைக்குப் போயின. அடுத்த மீன் கிடைத்தது 1952-இல்தான். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அந்த இழப்பு நேராமல் பார்ப்பதுதான் மேலாளரின் முதல் வேலை. மாதிரிகளை ஊறவைத்திருக்கும் ஜாடியில் ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். யாராவது பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டும். களப்பயணத்துக்குப் பணம் தர ஆள் கிடைக்கும், ஆல்கஹால் வாங்கத் தரமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்தின் பட்ஜெட்டிலும், வரும் மாதிரிகளைப் பராமரிக்கும் செலவையும் எழுதிவைப்பவரே என் கணக்கில் நல்ல மேலாளர்.

அடுத்தது அனுமதி. தொல்லுயிர் எச்சம் ஒன்றை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப, 1999-ஆம் ஆண்டு தேசிய மரபுவளச் சட்டப்படி உரிமம் வேண்டும். மரபணுச் சோதனைக்குத் துண்டு வெட்டக் கேட்டால், வெட்டியது திரும்ப வராது. அதனால் கிடைக்கும் விடை அந்த இழப்புக்கு ஈடாகுமா என்று அவர்தான் முன்நின்று கேட்க வேண்டும்.