300 ஃபைலுக்கு 44 என்று சொல்லும் பாஷ் ஃபங்ஷன்

கேள்வி: ஒரு ஃபோல்டருக்குள் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல பாஷ் (லினக்ஸ், மேக் டெர்மினலில் கமாண்டுகளை ஓட்டும் ஷெல்) ஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். கடைசி வரியில் எண்ணிக்கையை ரிட்டர்ன் செய்து, கூப்பிட்ட இடத்தில் $? (கடைசியாக ஓடிய கமாண்ட் முடியும்போது சொன்ன எண்) வைத்து எடுத்துக்கொள்கிறேன். சின்ன ஃபோல்டர்களுக்குச் சரியாக வருகிறது. 300 ஃபைல் உள்ள ஃபோல்டருக்கு 44 என்கிறது. பைத்தானில் இதே மாதிரி எழுதினால் ஒழுங்காக ஓடுகிறது. எங்கே தப்பு?

பதில்: எண்ணுகிற பகுதியில் தப்பே இல்லை. 300-இல் 256-ஐக் கழித்துப் பாருங்கள், உங்கள் 44 வந்துவிடும். பாஷில் ரிட்டர்ன் வழியாக வெளியே வருவது 8 பிட்தான். அதாவது 0 முதல் 255 வரை. அதைத் தாண்டினால் 256-ஆல் வகுத்த மீதிதான் கைக்கு வரும், எச்சரிக்கை எதுவும் வராது. சரியாக 256 ஃபைல் இருந்திருந்தால் 0 வந்திருக்கும். 'காலி ஃபோல்டரை அழி' என்று அடுத்த வரியில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பைத்தான் பழக்கம்தான் காலை வாரியிருக்கிறது. பாஷில் நீங்கள் எழுதும் ஃபங்ஷனும் எல்எஸ், கிரெப் மாதிரி ஒரு கமாண்ட்தான். கமாண்ட் தன் விடையை எழுதிக் காட்டும். முடியும்போது வேலை ஆயிற்றா இல்லையா என்று ஓர் எண்ணால் சொல்லும். ரிட்டர்ன் அந்த எண்ணுக்காக மட்டும் இருப்பது: 0 என்றால் ஆயிற்று, மற்ற எதுவானாலும் ஆகவில்லை.

ஆகவே, ரிட்டர்ன் இருக்கும் இடத்தில், விடையை எழுதிக் காட்டும் எக்கோ கமாண்டைப் போடுங்கள். கூப்பிடும் இடத்தில் $(எண்ணு "$1") என்று எழுதி விடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்; $( ) உள்ளே ஓடும் கமாண்ட் எழுதிக் காட்டுவதை அள்ளித் தரும், $1 என்பது கொடுக்கப்படும் முதல் மதிப்பு, இங்கே ஃபோல்டரின் பெயர். (தமிழ்ப் பெயர் ஓடுமா என்றால், பாஷில் ஃபங்ஷனுக்கு ஓடும். வேரியபிளுக்கு அந்தச் சலுகை இல்லை.) அந்த டபுள் கோட்ஸை விட்டுவிடாதீர்கள். ஃபோல்டரின் பெயர் 'கல்யாணப் படங்கள்' என்றால், கோட்ஸ் இல்லாதபோது $1 ஆக 'கல்யாணப்' மட்டும் உள்ளே போகும், 'படங்கள்' $2 ஆகிவிடும். அப்புறம் இல்லாத ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஃபோல்டரே இல்லை என்றால்? அங்கேதான் ரிட்டர்ன் 1. கூடவே ஒரு பிழைச் செய்தியும் எழுதுவீர்கள்; அந்த எக்கோவின் கடைசியில் >&2 சேருங்கள், செய்தி பிழைகளுக்கான தனி வழியில் போய்விடும். இல்லாவிட்டால் $( ) அதையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும், எண் இருக்க வேண்டிய வேரியபிளில் ஒரு வாக்கியம் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு ஃபங்ஷனுக்குள்ளிருந்து இதைக் கூப்பிடும்போது ஒரு வம்பு உண்டு. ஒரு வேரியபிளை லோக்கல் (அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் சொந்தம்) என்று அறிவிக்கிற அதே வரியில் $( ) விடையையும் போட்டால், $? காட்டுவது லோக்கல் கமாண்டின் வெற்றியைத்தான். உள்ளே ரிட்டர்ன் 1 ஆகியிருந்தாலும் உங்களுக்கு 0 என்றே தெரியும். முதல் வரியில் லோக்கல், அடுத்த வரியில் மதிப்பு என்று பிரித்துவிடுங்கள். ஸ்கிரிப்டில் தப்பு தேடும் ஷெல்செக் என்ற கருவியில் ஸ்கிரிப்டைக் கொடுத்தால் இதை அதுவே பிடித்துச் சொல்லும்.

அதற்காக லோக்கலே வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. பாஷில் லோக்கல் போடாத வேரியபிள் எல்லாம் பொதுச்சொத்து. வெளியே ஒரு ஒயில் (while) லூப் 'ஐ' (i) என்ற வேரியபிளைக் கூட்டிக்கொண்டே போக, உள்ளே ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் அதே 'ஐ'யை 0 ஆக்கினால், கண்ட்ரோல்-சி அடிக்கும்வரை ஓடும். $( ) போட்டுக் கூப்பிட்டால் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அது தனி சப்ஷெல்லில், அதாவது ஷெல்லின் ஒரு நகலில், ஓடுகிறது. ஆனால் அதே காரணத்தால், உள்ளே நீங்கள் வேண்டுமென்றே கூட்டிவைத்த மொத்தமும் வெளியே வராது.

மொத்தமும் வேண்டும், சப்ஷெல்லும் வேண்டாம் என்றால் நேம்ரெஃப் என்று ஒன்று இருக்கிறது: விடையைப் போட வேண்டிய வேரியபிளின் பெயரையே ஃபங்ஷனுக்கு அனுப்பிவிடலாம். பாஷ் 4.3-இல் வந்தது. மேக்கில் ஆப்பிள் கொடுப்பது 3.2 என்பதால், ஸ்கிரிப்டை அங்கேயும் ஓட்டுவதாக இருந்தால் எக்கோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.